எட்டு முழ வேட்டியும் கத்திரி வெயில் ஜப்லாவும்

முதல் ஜப்லாவைப் பங்குனியிலேயே தைத்து மடித்து வைத்திருந்தேன். பேரன் பிறந்தது சித்திரை 18. மூன்று நாளில் கத்திரி தொடங்கிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று அந்த ஜப்லாவைப் போட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் கழற்றினேன். முதுகில் நாடா முடிச்சு அழுந்திய இடம் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குச் சிவந்திருந்தது. கழுத்தைச் சுற்றி ஓரம் மடித்துத் தைத்த பைப்பிங் பட்ட இடமெல்லாம் பொடிப்பொடியாக வேர்க்குரு.

ஊர்ப் பெண்களுக்கு 30 வருஷமாக ரவிக்கை தைத்துக் கொடுத்தவள் நான். அளவு ரவிக்கை இல்லாமல் ஆளைப் பார்த்தே வெட்டிவிடுவேன் என்று கொஞ்சம் கர்வமும் உண்டு. மூன்று கிலோகூட இல்லாத ஒரு ஆள் என் தையலை வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அப்புறம் ஒரு மாதத்துக்குள் மூன்று தடவை மாற்றி வெட்டினேன். எதை, எதற்காக மாற்றினேன் என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஊர் வலங்கைமான் பக்கம், குடமுருட்டிக் கரை. ஆற்றங்கரை என்றதும் ஜிலுஜிலு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். கோடையில் ஆற்றில் மணல்தான் கிடக்கும். மேட்டூரில் ஜூன் 12-ல் திறந்தால் அப்புறம் பல நாள் கழித்துத்தான் இங்கே தண்ணீர் எட்டிப் பார்க்கும். வெயிலிலும் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு. என் நாத்தனார் வேலூரில் இருக்கிறாள். அங்கே வெயில் சுடும், இங்கே வெயில் வேகவைக்கும். கடல் அதிகத் தூரமில்லை, காற்றில் எப்போதும் ஈரம். வேர்வை வரும், ஆனால் காயாது. வேர்வை காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? காயாத வேர்வை வெறும் பிசுபிசுப்பு.

பிறந்த குழந்தைக்கு இது இன்னும் கஷ்டம். நம்மைப் போல அவன் உடம்புக்குத் தாராளமாக வேர்க்கத் தெரியாது. எடைக்கு மேல்தோல் அதிகம், அதனால் சுற்றியிருக்கும் சூடு சட்டென்று ஏறும், குளிரும் சட்டென்று ஏறும். வேர்வைத் துளைகள் பொடி, லேசாக ஈரம் தேங்கினாலே அடைத்துக்கொள்ளும். அடைத்துக்கொண்டால் அதுதான் வேர்க்குரு. இதெல்லாம் மகள் பிள்ளைப்பேற்றுக்கு வருவதற்கு முன்னால் எனக்கு இவ்வளவு தெளிவாகத் தெரியாது. ‘பச்சப் புள்ள, காத்து படக்கூடாது’ என்ற ஒரு வரிதான் என் மண்டையில் இருந்தது.

முதல் ஜப்லாவின் குற்றப்பத்திரிகையை முதலில் படித்துவிடுகிறேன். துணி, கும்பகோணத்தில் மீட்டர் கணக்கில் வாங்கிய புது பாப்ளின். கையில் பிடித்தால் நன்றாகத்தான் இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீரை அதன்மேல் விட்டுப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. தாமரை இலைத் தண்ணீர் மாதிரி முத்தாக நின்றது. புதுத் துணியின் கஞ்சி முழுதும் போகவில்லை. ஒரு தடவை அலசியதோடு விட்டிருந்தேன், மூன்று தடவையாவது வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்திருக்க வேண்டும். இரண்டாவது, திறப்பு முதுகுப் பக்கம். நாளெல்லாம் மல்லாந்து படுத்திருக்கிற பிள்ளைக்கு முடிச்சை முதுகில் வைத்தால் அது கூழாங்கல்மேல் படுக்கவைத்த மாதிரி. நம் ஊரில் ஜப்லா என்றாலே முதுகில் நாடாதான், நானும் யோசிக்காமல் தைத்துவிட்டேன். மூன்றாவது, கழுத்துப் பைப்பிங். ரவிக்கைக் கழுத்துக்கு அழகு. பிள்ளைக்கோ கழுத்து என்று ஒன்று வெளியே தெரிவதே இல்லை, மடிப்பு மடிப்பாகத்தான் இருக்கிறது. அந்த மடிப்புக்குள் நாலு மடங்குத் துணி போய் உட்கார்ந்துகொண்டு ஈரத்தைப் பிடித்துவைத்தது.

அப்புறம்தான் வேட்டி வேட்டையில் இறங்கினேன்.

பிறந்த பிள்ளைக்குப் புதுத் துணி போடக்கூடாது, பழைய வேட்டியில்தான் வாங்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கண்ணேறு, திருஷ்டி என்று காரணம் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த காரணம் வேறு. 50 தடவை துவைத்த வேட்டியில் கஞ்சி இருக்காது, சாயம் இருக்காது, நூல் தளர்ந்து பஞ்சு மாதிரி ஆகியிருக்கும். தண்ணீர் விட்டால் விட்ட நொடியில் குடித்துவிடும். என் வீட்டுக்காரரின் எட்டு முழ வேட்டி ஒன்றைக் கொடியிலிருந்து உருவி, நனைத்துப் பிழிந்து ஃபேனடியில் போட்டேன். பக்கத்திலேயே கடையில் வாங்கிய பனியன் துணிச் சட்டை ஒன்று, டர்க்கித் துண்டு ஒன்று. வேட்டி அரை மணிக்குள் காய்ந்தது. பனியன் துணி ஒன்றரை மணி ஆகியும் தையல் ஓரங்களில் ஈரமாக இருந்தது. துண்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். எது சீக்கிரம் காய்கிறதோ அதுதான் பிள்ளை மேலும் சீக்கிரம் காயும். துணி தேர்வுக்கு எனக்கு இந்த ஒரு பரீட்சை போதும்.

“இந்தாம்மா, அது போன தீபாவளிக்கு வாங்கின வேட்டி,” என்றார் அவர்.

“முந்தின தீபாவளிக்கு வாங்கினது. கரையப் பாருங்க, நைஞ்சு போச்சு.”

“நைஞ்சாத்தான் கட்டறதுக்கு நல்லா இருக்கும்.”

“அதுதான் உங்க பேரனும் சொல்றான்.”

அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. ஆனால் ஒரு வேட்டி போதாது என்று பீரோவைத் திறந்து, அடித்தட்டில் வருஷக்கணக்காகக் கிடந்த மல் வேட்டி இரண்டையும் எடுத்தேனே, அங்கேதான் பெரிய தப்பைச் செய்தேன்.

அந்த இரண்டையும் ஒரு தடவை அலசி, வெயிலில் போட்டு, வெட்டித் தைத்து, இரண்டாம் பதிப்பு ஜப்லா நான்கு தயார் செய்தேன். பிறந்த ஏழாம் நாள் கிராம சுகாதார செவிலியர் பிள்ளையைப் பார்க்க வந்தார். தூக்கி மடியில் வைத்தவர் மூக்கைச் சுருக்கினார்.

“என்னம்மா, பாச்சை உருண்டை வாசனை வருது?”

எனக்கு வரவில்லை. என் பீரோ வாசனைக்கு என் மூக்கு பழகிப்போயிருந்தது. அவர் ஜப்லாவை உடனே கழற்றச் சொன்னார். பிள்ளையின் நெற்றியையும் மார்பையும் விரலால் அழுத்தி எடுத்து மஞ்சள் இருக்கிறதா என்று பார்த்தார். அப்புறம் உட்காரவைத்துப் பாடம் எடுத்தார். சில குழந்தைகளுக்கு ரத்தத்தில் ஜி6பிடி என்ற ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கும். பார்த்தால் தெரியாது. ஆண் குழந்தைகளுக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும். அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பாச்சை உருண்டை போட்டு வைத்த துணியைப் போர்த்தினால் அந்த நாப்தலின் ஆவியே சிவப்பணுக்களை உடைத்துவிடும். மஞ்சள் காமாலை திடீரென்று ஏறும். ஏறினால் மூளையைக்கூடப் பாதிக்கும். “பழைய துணி நல்லதுதாம்மா. ஆனா கொடியில கெடந்த பழைய துணியா, பீரோவுல கெடந்த பழைய துணியான்னு பாக்கணும்,” என்றார்.

நல்லவேளை, எங்கள் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. இருந்தாலும் இரண்டு நாள் என் கை மிஷின் பக்கமே போகவில்லை. அந்த நான்கு ஜப்லாவும் அடுப்படிக்குப் பிடிதுணி ஆயின. மிச்ச வேட்டித் துண்டுகளைத் தோட்டத்துக் கொடியில் போட்டுவிட்டேன். பீரோவில் இருந்த உருண்டைகளையெல்லாம் பொறுக்கி வெளியே எறிந்தேன். அதே பீரோவில் இருந்த என் புடவைகளைத் துவைத்து வெயிலில் போடும்வரை அவற்றைக் கட்டிக்கொண்டு பிள்ளையைத் தூக்கவும் இல்லை. மகளுடைய சின்ன வயதுச் சட்டை ஒன்று, ஞாபகத்துக்காக வைத்திருந்தது, அதைப் போட்டு ஒரு போட்டோ எடுக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அதுவும் அதே பீரோதான். பக்கத்தில் வைத்துக்கூட எடுக்க விடவில்லை.

மூன்றாம் பதிப்புக்குத் துணி, கொடியில் கிடந்த அந்த எட்டு முழம் மட்டும். இந்த முறை அவசரப்படவில்லை. முதலில் கரையை முழுதாக வெட்டி எடுத்தேன். நைந்த வேட்டியிலும் கரை மட்டும் முரடாகவே இருக்கும், ஜரிகைக் கரையென்றால் கீறும். சொட்டு நீலம் போட்டு வெளுத்த வேட்டி என்பதால் நீலம் கரைந்து வருவது நிற்கும்வரை அலசினேன்.

மிஷின் என் கல்யாணத்துக்கு வந்த உஷா கால்மிஷின். ரவிக்கைத் துணிக்கு 16-ஆம் நம்பர் ஊசி மாட்டியே பழக்கம். நைந்த வேட்டியை அதில் வைத்தால் ஊசி துணியைத் தைப்பதில்லை, குத்தி ஓட்டை போடுகிறது. இரண்டு தையல் போவதற்குள் துணி மிஷின் பல்லுக்கடியில் உள்ளே இழுத்துக்கொண்டு சுருங்கியது. 11-ஆம் நம்பர் ஊசிக்கு மாறினேன், நூல் டென்ஷனைக் கொஞ்சம் தளர்த்தினேன். அப்போதும் ஆரம்பத் தையலில் இழுத்தது. அதற்கு ஒரு பழைய கைவைத்தியம் இருக்கிறது. துணிக்கு அடியில் ஒரு தாளை வைத்துத் தாளோடு சேர்த்துத் தைத்துவிட்டு, அப்புறம் தாளைக் கிழித்து எடுத்துவிட வேண்டும். செய்தித்தாள் வைக்கக்கூடாது, மை ஒட்டும். பேத்தியின் பழைய நோட்டில் எழுதாத பக்கங்கள் இதற்கென்றே கிடைத்தன. தாள் கிழியும் சத்தம் கேட்டாலே இப்போது அவள், “அம்மாச்சி தம்பிக்குச் சட்டை தைக்கிறா,” என்கிறாள். நூலும் பருத்தி நூல்தான். கடையில் கேட்காமல் வாங்கினால் பாலியஸ்டர் நூல்தான் கொடுப்பார்கள். அது அறுக்காது, ஆனால் வெட்டிய முனை முள் மாதிரி நிற்கும்.

இனி அளவு. பிள்ளையின் மார்பைச் சுற்றி நாடா வைத்தால் 33 செ.மீ. வந்தது. முழு மாதத்தில் பிறந்த பெரும்பாலான குழந்தைகளுக்கு இதையொட்டித்தான் இருக்கும். நான் வெட்டியது 58 செ.மீ. அகலம், 28 செ.மீ. நீளத்தில் ஒரே செவ்வகத் துண்டு. நடு 24 செ.மீ. முதுகு. இரண்டு பக்கமும் 17, 17 முன்பக்கம். அந்த 17-ம் 17-ம் முன்னால் ஒன்றன்மேல் ஒன்று 10 செ.மீ. ஏறி உட்காரும். ஆக, கட்டிய பின் சுற்றளவு 48. உடம்புக்கும் துணிக்கும் நடுவில், சுற்றளவில் 15 செ.மீ. காற்றுக்கு. ரவிக்கையில் இப்படி விட்டால் என்னை ஊரைவிட்டே துரத்துவார்கள்.

மடிப்புக் கோட்டில் மேலிருந்து 9 செ.மீ. ஆழத்துக்குக் கைவழி குடைந்தேன். கை வைக்கவில்லை. கழுத்தை முன்னால் நன்றாக இறக்கி, குறுக்காகச் சரித்து வெட்டினேன், நம் பக்கத்துப் பெரியவர்கள் அந்தக் காலத்தில் போட்ட குறுக்குச் சட்டை மாதிரி. தோளில் மட்டும் இரண்டு சின்னத் தையல். பக்கத் தையலே கிடையாது. அக்குளுக்குக் கீழே தையல் இல்லாததுதான் இந்தச் சட்டையின் உயிர். கையை மடக்கியே வைத்திருக்கிற பிள்ளைக்கு அங்கேதான் முதலில் வேர்க்கும். தோள் தையலின் பிசிறை வெளிப்பக்கம் விட்டு மடித்துத் தைத்தேன். உள்பக்கம் கையை விட்டுத் தடவினால் எங்கேயும் ஒரு மேடு தட்டக்கூடாது. பார்த்தவர்கள் எல்லாம், “சட்டையத் திருப்பிப் போட்டிருக்கீங்களே,” என்றார்கள். ஆமாம், திருப்பித்தான் போட்டிருக்கிறோம்.

நாடா விஷயத்தில் ஒரு தடவை இடறினேன். முதலில் 20 செ.மீ. நீளம் வைத்தேன், கட்ட வசதியாக இருக்கட்டும் என்று. இரவில் பிள்ளை கையை ஆட்டிய ஆட்டில் ஒரு நாடா அவிழ்ந்து விரல்களைச் சுற்றிக்கொண்டது. மகள் பார்த்துவிட்டாள். கழுத்துப் பக்கம் போயிருந்தால்? மறுநாள் காலையில் காப்பிகூடக் குடிக்காமல் எல்லா நாடாவையும் 10 செ.மீ.க்கு வெட்டினேன். ஒரு முடிச்சுக்கு அதுவே போதும். கழுத்தருகே நாடாவே வேண்டாம், விலாவுக்குப் பக்கத்தில் ஒன்று, உள்ளே ஒன்று. பிரஸ் பட்டன், கொக்கி எதுவும் வைக்கவில்லை. கொக்கி துருப்பிடிக்கும், கழன்றால் வாய்க்குள் போகும்.

நைந்த இடத்தையெல்லாம் தள்ளிவிட்டு அந்த ஒரு வேட்டியில் ஐந்து ஜப்லாவும் ஆறு இடுப்புத்துணியும் தேறின. போட்ட இரண்டாம் நாளே முதுகுச் சிவப்பு வடிந்தது. வேர்க்குரு போக நான்கு நாள் ஆனது. அதற்கு மருந்து எதுவும் போடவில்லை. பச்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுத்து, கழுத்து மடிப்பை விரித்துக் காற்றாட விட்டோம், அவ்வளவுதான். பவுடர் டப்பா நான்கு பரிசாக வந்திருந்தன. மாவு மூச்சில் ஏறும், வேர்வையோடு சேர்ந்தால் களி மாதிரி அடைத்துக்கொள்ளும் என்று டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார். நான்கும் அலமாரியில் வரிசையாக நிற்கின்றன. கேரம் போர்டு வாங்கினால் பயன்படும்.

வைகாசி 2-ஆம் தேதி, பதினாறாம் நாள், தீட்டுக் கழிப்பு. சம்பந்தி வீட்டார் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். வந்த சீர்வரிசையில் ஒரு பாபா சூட் பெட்டி. நீலச் சட்டை, அதன்மேல் ஒரு கோட்டு, குட்டிப் பேண்ட், குல்லா, கையுறை, காலுறை, எல்லாவற்றிலும் சுற்றி லேஸ். ‘100% காட்டன்’ என்று பெட்டிமேல் எழுதியிருந்தது. பிள்ளையின் அப்பாயி ஆசையாகப் போட்டுவிட்டார். நான் எப்படித் தடுப்பேன்? அது அவர்கள் வீட்டுப் பேரன். போட்டோ எடுத்ததும் கழற்றிவிடலாம் என்று நினைத்தேன். போட்டோ எடுக்க முக்கால் மணி நேரம். நடுவில் கரண்ட் போய் வந்தது. மடிக்கு மடி பிள்ளை கைமாறிக்கொண்டிருந்தது.

மதியம் இரண்டரைக்கு மகள் பால் கொடுக்க வாங்கியபோது பிள்ளை முகம் செக்கச்செவேல் என்றிருந்தது. பிடரியில் கை வைத்தால் அனல். அக்குளில் தெர்மாமீட்டர் வைத்தோம்: 100.0. அக்குளில் 97.7-லிருந்து 99.5 ஃபாரன்ஹீட் வரை, அதாவது 36.5-லிருந்து 37.5 செல்சியஸ் வரை இருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். 100.4 தொட்டால், அதாவது 38 செல்சியஸ் ஆனால், ஒரு மாதக் குழந்தைக்கு வீட்டு வைத்தியமோ சொட்டு மருந்தோ கொடுக்காமல் நேரே கொண்டுவர வேண்டும் என்றும் எழுதியிருந்தது. டாக்டருக்குப் போன் போட்டோம். எல்லாத் துணியையும் கழற்றுங்கள், காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள், பால் கொடுங்கள், அரை மணியில் மறுபடி பாருங்கள், இறங்காவிட்டாலும் பிள்ளை சோர்ந்தாலும் பால் குடிக்காவிட்டாலும் உடனே கிளம்புங்கள் என்றார்.

வெறும் இடுப்புத்துணியோடு பின்கட்டுத் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோனோம். எங்கள் வீட்டில் முன்பகுதி மச்சு, பின்கட்டு மட்டும் இன்னும் நாட்டு ஓடு. மச்சு பகலெல்லாம் வாங்கிய வெயிலை ராத்திரி பதினோரு மணிவரை தலையில் இறக்கிக்கொண்டே இருக்கும். ஓட்டுக் கூரை அப்படி வைத்துக்கொள்ளாது, இடுக்கு வழியாகக் காற்றும் போகும். பிள்ளை பால் குடித்தான். அரை மணியில் 98.9. வேனுக்குப் போன் போட்டுக் கையில் சாவியோடு நின்றுகொண்டிருந்த மருமகன் அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் கலைந்ததும் அந்தச் சூட்டை எடுத்தேன். கோட்டு உள்தையலின் பிசிறில் இருந்து நாலு நூல் உருவி, வாசலில் வைத்துத் தீக்குச்சியைக் காட்டினேன். பருத்தியென்றால் காகிதம் எரிகிற வாசனை வந்து சாம்பலாக உதிரும். இது சுருண்டு உருகி, கறுத்த மணி மாதிரி கெட்டியாக நின்றது. சட்டையின் உள்பக்கம் மட்டும் பருத்தி. கோட்டு, லேஸ், குல்லா எல்லாம் பாலியஸ்டர். பெட்டியில் எழுதியிருந்தது எந்தப் பகுதியைப் பற்றி என்று யாரும் கேட்கவில்லை.

என் அம்மாவுக்கு 86 வயது. திண்ணையில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவள் எதிர்வயலைக் காட்டினாள். சம்பா அறுவடைக்கு அப்புறம் சும்மா கிடக்கும் வயல்களில் எங்கள் பக்கம் கோடைப் பருத்தி போடுவார்கள். காய் வெடிக்க ஆரம்பித்திருந்தது.

“வாசலுக்கு எதுத்தாப்புல பஞ்சு வெடிச்சுக் கெடக்கு. புள்ளைக்கு நைலானா?” என்றாள். அப்புறம் என்னைப் பார்த்து, “ஏண்டி, நீ பொறந்ததும் சித்திரைதான். அரைஞாக் கயிறு ஒண்ணுதான் உன் ஒடம்புல. தாழ்வாரத்துல போட்டுட்டு நடவுக்குப் போற சனமெல்லாம் பாத்துட்டுப் போவும். இப்ப என்னமோ ஊசி நம்பரு, நூலு நம்பருங்கறே,” என்றாள்.

சித்திரையில் எங்கே நடவு என்று நான் கேட்கவில்லை. ஆனால் அவள் சொன்னதில் எனக்கு உறைத்தது ஒன்று இருந்தது. அதுவரை மாற்றி வெட்டியதில் எல்லாம் நான் செய்தது எதையாவது எடுத்ததுதான். பைப்பிங்கை எடுத்தேன், கையை எடுத்தேன், பக்கத் தையலை எடுத்தேன். அடுத்து எடுக்க வேண்டியது சட்டையையேதான். மறுநாளிலிருந்து காலை பத்தரை முதல் சாயங்காலம் ஐந்துவரை பிள்ளைக்குச் சட்டை கிடையாது. இடுப்புத்துணி, வயிற்றின்மேல் ஒற்றை மடிப்பு வேட்டித் துணி. அதுவும் அவன் உதைத்துத் தள்ளும்வரைதான். ஃபேன் காற்று நேரே முகத்தில் அடிக்காமல் சுவரில் பட்டு வரும்படி பாயைத் திருப்பிப் போட்டோம்.

அந்தப் பாய் பற்றியும் சொல்ல வேண்டும். மெத்தைமேல் ரப்பர் ஷீட், அதன்மேல் துணி என்றுதான் முதலில் படுக்கை. முதுகு எப்போதும் நனைந்தே இருந்ததற்கு ஜப்லாவை மட்டும் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பாதிக் குற்றவாளி அந்த ஷீட். அதை இரண்டு கை அகலத்துக்கு வெட்டி இடுப்புக்குக் கீழே மட்டும் வைத்தேன். மெத்தையை எடுத்துவிட்டுக் கோரைப் பாயில் வேட்டித் துணி இரண்டு மடிப்பு. தூளியிலும் இதே கதைதான். இரண்டு பக்கமும் புடவை வந்து மூடிக்கொள்ளும், காற்று புகாது. பகலில் தூளி நிறுத்தப்பட்டது. நிறுத்தியதற்கு மூன்று நாள் அவனும் எங்களை நிறுத்தாமல் தண்டித்தான்.

இடுப்புத்துணி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 60 செ.மீ. சதுரம், முக்கோணமாக மடிப்பது, நனைந்ததும் மாற்றுவது. ஒரு நாளைக்கு 20 துணி ஓடும். அந்த எண்ணிக்கையை நான் கணக்கு வைத்தேன், காரணம் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம், “நாக்கு வறளுது பாரு, ஒரு சங்கு தண்ணி குடு,” என்பார்கள். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும்தான், எவ்வளவு வெயிலானாலும் தண்ணீர் வேண்டாம் என்று செவிலியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தானே. முதல் வாரம் போனபின் ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கு மேல் சிறுநீர் போனால் பால் போதுகிறது என்று அர்த்தம். எனவே சங்கோடு வருகிறவர்களிடம் கொடியைக் காட்டினேன். கொடி நிறையத் துணி தொங்கினால் பிள்ளை வறளவில்லை. தண்ணீர் குடிக்க வேண்டியவள் மகள்தான், அவளுக்குத்தான் ‘பெத்தவ தண்ணி குடிச்சா வயிறு போடும்’ என்று மறுத்துக்கொண்டிருந்தார்கள். அதையும் சேர்த்து ஒழித்தோம்.

குல்லா விஷயத்தில் மட்டும் எனக்கும் மகளுக்கும் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. ஆஸ்பத்திரியில் போட்டுத்தானே அனுப்பினார்கள் என்பது என் கட்சி. பிறந்த உடனே ஈரமாக இருக்கும் பிள்ளை சூடு இழக்காமலிருக்கப் போட்டது, வீட்டில் 35 டிகிரியில் எதற்கு, தலை வழியாகத்தானே அவனுக்கு நிறையச் சூடு வெளியேறுகிறது என்பது அவள் கட்சி. கை கால் சில்லென்று இருக்கிறதே என்று காட்டினேன். பிறந்த குழந்தைக்கு அது அப்படித்தான் இருக்குமாம். பிடரியையும் நெஞ்சையும் தொட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தொட்டுப் பார்த்தேன். கதகதப்பாக, காய்ந்து இருந்தது. குல்லா தோற்றது. கையுறைக்குப் பதில், தூங்கும்போது நகத்தை வெட்டிவிட்டோம்.

நான்காம் பதிப்பு ராத்திரிக்கு. வைகாசியிலும் விடியற்காலை மூன்று மணிக்கு மேல் காற்று லேசாக வரும். அப்போது பிடரி கொஞ்சம் குளிர்ந்திருந்தது. அதே வெட்டு, முழங்கைவரை தளர்ந்த கை மட்டும் வைத்தேன். இடுப்புக்கீழே ஒரு வேட்டித் துணியைத் தளர்வாகச் சுற்றுவோம். கால் மடக்கி நீட்ட இடம் இருக்க வேண்டும், இறுக்கிப் பொட்டலம் கட்டுவதில்லை. இந்தக் கை வைத்த ஜப்லா மூன்று தைத்தேன். மூன்றுக்கும் இன்னொரு எட்டு முழம் போயிற்று. கொடியில் கிடந்ததுதான். மோந்து பார்த்துத்தான் எடுத்தேன். நான் மட்டுமல்ல, என் மூக்கை நம்பாமல் மகளையும் மோந்து பார்க்கச் சொன்னேன்.

வைகாசிக் கடைசியில் பட்டுக்கோட்டையில் ஒரு கல்யாணம். என் வீட்டுக்காரர் குளித்துவிட்டு வந்து கொடியைப் பார்த்தார், பீரோவைப் பார்த்தார். கொடியில் 20 இடுப்புத்துணி ஆடிக்கொண்டிருந்தது. பீரோ காலி. பேண்ட் போட்டுக்கொண்டுதான் கிளம்பினார். திரும்பி வரும்போது அவரே வழியில் இறங்கி எட்டு முழம் இரண்டு வாங்கி வந்திருந்தார். கவரைப் பிரிக்காமல் என் கண்ணில் படாத இடமாகத் தேடினார்.

“ஒளிக்க வேண்டாம். ரெண்டையும் தெனம் மாத்தி மாத்திக் கட்டுங்க,” என்றேன். மருமகளுக்கு மாசியில் நாள் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை கைக்கு வந்து ஒரு மாதத்தில் அடுத்த வெயில் ஆரம்பித்துவிடும். இன்றிலிருந்து கட்டி, துவைத்து, கஞ்சி போடாமல் காயவைத்தால் அதற்குள் மெதுவாகிவிடும்.

கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். போன வாரம் ஒன்றில் டீ கொட்டிவிட்டது என்று பயந்துகொண்டே வந்து காட்டினார். கொட்டியது ஓரத்தில்தான், அந்த இடத்தை இடுப்புத்துணிக்கு வைத்துக்கொள்ளலாம்.